துணைக்குப் போனவள்

தர்சிகா அக்காவுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது இரவு ஒன்று நாற்பதுக்கு. ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஐந்தரை என்று சொன்னது நான்தான். இது அவளையும் என்னையும் தவிர எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. என் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கை, ஒரு ஒடுங்கின தெரு, யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடலுக்கு மூன்று வீட்டு வளவு தள்ளி இருக்கிறது. பின்நேரம் நாலு மணிக்கு ஆண்கள் மண்ணெண்ணெய்க் கான்களையும் சோற்றுப் பார்சலையும் தூக்கிக்கொண்டு இறங்கினால் விடியத்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் ஒழுங்கையில் பெண்களும் பிள்ளைகளும் நாய்களும்தான். பிள்ளைத்தாய்ச்சி தனியே இருக்கிற வீட்டுக்கு கலியாணமாகாத யாராவது ஒரு குமர்ப்பிள்ளையைத் துணைக்குப் படுக்க அனுப்புவது வழக்கம். துணைக்குப் போகிறவளுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனி மாதம் பிறந்ததிலிருந்து நான் தர்சிகா அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

தர்சி அக்கா எங்கள் ஊர் ஆள் இல்லை. இணுவில், கடல் இல்லாத தோட்டக்கார ஊர். தகப்பன் தம்பிராசா வெங்காயமும் புகையிலையும் வைக்கிறவர். அக்கா ரவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்தபோது, றஜிந்தன் அண்ணை உப்புத்தண்ணீர் போன போனைத் திருத்தக் கொண்டுபோயிருக்கிறார். ஒரு வருசத்துக்குள் நாலு போன் கடலில் விழுந்ததாம். "முதல் ரெண்டும் தானாய் விழுந்தது. மற்ற ரெண்டையும் உவன் வாளியிலை உப்புத்தண்ணி அள்ளித் தோய்ச்சவன்" என்று லெனாட் அண்ணை சொல்லுவார். லெனாட் அண்ணையும் றஜி அண்ணையும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். கலியாணம் மாதா கோயிலில் நடந்தது. அன்றைக்குப் பிறகு இணுவிலிலிருந்து ஒருவரும் அக்காவோடு கதைக்கவில்லை.

வந்த புதிதில் அக்காவுக்கு மீன் வெட்டத் தெரியாது. செதிலைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். முன்வீட்டில் இருக்கிற றஜி அண்ணையின் தாய் லூர்த்தம்மா மாமி அதை ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆறு மாதத்தில் அக்கா மாமியைவிட வடிவாக வெட்டினாள். எங்கள் ஊர் வழக்கம் எதுவென்றாலும் எங்களைவிட இறுக்கமாகப் பிடித்தாள். பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பிழை விட இடம் இருந்தது. அவளுக்கு இருக்கவில்லை.

வலை கிடக்கிற நேரம் கடலில் நிற்கிறவருக்குப் போன் எடுக்கக்கூடாது என்பது அப்படி ஒரு வழக்கம். லெனாட் அண்ணைக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஐந்து வருசத்துக்கு முன், மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது என்று அவருடைய மனைவி இரவில் போன் எடுத்திருக்கிறார். இவர் அந்தரப்பட்டு வலையை இழுக்க, கயிறு கையில் சுற்றிக்கொண்டு எஞ்சினுக்குள் போய்விட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடிய முதலே விட்டுவிட்டது. விரல் போனது போனதுதான். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணும் எடுப்பதில்லை. செத்த வீடென்றாலும் எஞ்சின் சத்தம் கரைக்கு வந்த பிறகுதான்.

அந்த வியாழக்கிழமை றஜி அண்ணை வெளிக்கிடும்போது நான் கொப்பிகளோடு வந்துவிட்டேன். அக்காவுக்கு முப்பத்தெட்டாவது கிழமை, ஒன்பதாம் மாதம். வாசல்படியில் காலை நீட்டி இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"நான் வராமல் பெத்துப்போடாதை" என்றார் அண்ணை.

"நான் என்ன முட்டையோ இடுறன், நினைச்ச நேரம் போட."

"ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறதெண்டா என்னோடதான் வெளிக்கிடோணும். முதல் ஆளாய் நான்தான் பாக்கோணும். சொல்லிப்போட்டன்."

"நாலு மணிக்கு வந்திடுவியள்தானே."

"நாலுக்கு கரையிலை நிப்பன்."

"மீன் மணத்தோட பிள்ளையைத் தூக்கேலாது. குளிச்சுப்போட்டு வாங்கோ."

"இந்த ஒழுங்கையிலை பிறக்கிறதுக்கு மீன் மணம் தெரியாமல் இருக்குமோ" என்றுவிட்டு அவர் போனார். சோளகக் காற்று அவர் சாரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போனது.

இரவு புட்டும் முருங்கையிலை வறையும் சாப்பிட்டோம். நான் கணக்குச் செய்தேன். அக்கா பாயில் சரிந்து படுத்தபடி என் கொப்பியைப் பார்த்தாள். "உந்தச் சுருக்கலிலை நீ விடாத பிழை ஒண்டும் இல்லை. கழித்தலைத் தூக்கி எங்கையடி போட்டனீ?" என்றாள். பத்து மணிக்கு லைற்றை நிப்பாட்டினோம்.

"ஷெரோன், எழும்பு. ஒருக்கா லைற்றைப் போடு."

நான் உடனே எழும்பினேன். அதை மட்டும் யார் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், ஒரு தரம் கூப்பிட எழும்பினேன். சுவர் மணிக்கூட்டில் ஒன்று நாற்பது. அக்கா பாயில் எழும்பி இருந்தாள். சட்டை நனைந்து, பாய் நனைந்து, சீமெந்து நிலத்தில் ஓடியிருந்தது.

"பன்னீர்க்குடம், அக்கா."

"கத்தாதை."

"நோகுதோ?"

"ஒண்டுமில்லை. சும்மா ஊத்துது."

"மிட்வைஃப் மிஸ் என்ன சொன்னவ? நோவு இருந்தா என்ன இல்லாட்டி என்ன, தண்ணி போனா உடனை வெளிக்கிடச் சொன்னவ. நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

"சொன்னவதான். இப்ப ரெண்டு மணியாகுது. அவர் நாலுக்கு வந்திடுவார். ரெண்டு மணித்தியாலத்திலை என்ன வரப்போகுது."

"மாமியை எழுப்பட்டோ?"

"மாமியை எழுப்பினா ஒழுங்கை முழுக்க எழும்பும். ஆராவது ஒராள் அவருக்குப் போன் எடுப்பினம். பேந்து அங்கை அவருக்கு ஒண்டு நடந்தா, இணுவில்காரியாலை எண்டுதான் கதை வரும்." நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தபடி, "அவர் ஆசையாச் சொல்லிப்போட்டுப் போனவர்" என்றாள்.

நான் நிலத்தைத் துடைத்தேன். அவளைக் கதிரையில் இருத்தி, பழைய சாரம் ஒன்றை மடித்துக் கீழே வைத்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அது நனைந்தது. நான் எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பிழிந்துபோட்டு வேறொன்று வைத்தேன். அதற்கு ஒரு மணம் இருந்தது, இனிப்பு மாதிரி, பச்சை இளநீர் மாதிரி. இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது.

"பிள்ளை ஆடுதோ அக்கா?"

"ஆடுது. தண்ணியில்லாமல் போச்செண்டு கோவம் போலை."

மூன்றரைக்கு முதலாவது எஞ்சின் சத்தம் கேட்டது. அக்கா தலையை நிமிர்த்தினாள். "எங்கடையில்லை. இது சந்தியோகு அப்பான்ரை. இருமி இருமித்தான் வரும்." பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து. ஒவ்வொரு தரமும் அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். நாலு மணியானது. நாலரையானது. காற்று கூரைத் தகரத்தை அடித்தபடி இருந்தது. வலையை நீரோட்டம் இழுத்துப் போய்விட்டதென்றும், அதைத் தேடி அவர்கள் மண்டைதீவுப் பக்கமாக ஓடினார்கள் என்றும் பிறகுதான் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்தது, மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள் என்பது மட்டும்தான்.

ஐந்து மணிக்குப் பிறகு நோவு தொடங்கியது. முதலாவது வந்தபோது அக்கா கதிரையின் கையைப் பிடித்தாள். இரண்டாவதுக்கு எழும்பிப் போய்க் கதவு நிலையைப் பிடித்தாள்.

"நான் சுதாகரன் அண்ணையை எழுப்பப் போறன்" என்றேன். அவர் மூலை வீட்டில் ஓட்டோ வைத்திருக்கிறவர்.

"வேண்டாம். இன்னும் பத்து நிமிசம்."

"பத்து நிமிசம் பத்து நிமிசமெண்டு விடிஞ்சு போச்சு."

"ஷெரோன், நான் சொல்லுறன். போகாதை."

அக்கா சொல்லி நான் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான். செருப்புப் போடாமல் ஓடினேன்.

ஓட்டோச் சத்தத்துக்கு லூர்த்தம்மா மாமி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தார்.

"எப்ப உடைஞ்சது?"

"இப்பதான் மாமி" என்றாள் அக்கா.

"நீங்கள் போங்கோ. நான் கரையிலை நிண்டு அவனைக் கூட்டிக்கொண்டு வாறன். மாதாவே, கடைசி நேரத்திலைதான் உவன் பிந்துவான்."

பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார், எத்தனை மணிக்கு என்று. அக்காவுக்கு நோவு வந்து பேச முடியவில்லை. என் கையை இறுக்கினாள். என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. நான் சொன்னேன், "ஐஞ்சரை." மிஸ்ஸி எழுதினார். தள்ளுவண்டியில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

வெளியே இருக்க ஒரு நீட்டு வாங்கு. அதில் நான் மட்டும்தான் தனி ஆள். மற்ற எல்லாரும் தாய், மாமியார், புருசன் என்று கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். என் பாவாடை அக்காவின் தண்ணீரில் நனைந்து, காய்ந்து, விறைப்பாக இருந்தது. பக்கத்தில் சாவகச்சேரியிலிருந்து வந்த ஒரு அம்மா பிளாஸ்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றித் தந்தார். "ஆர் பிள்ளை உள்ளுக்கை? அக்காவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

எட்டரைக்கு மாமி, என் கையில் இருந்த அக்காவின் போனுக்கு எடுத்தார். வள்ளம் தூரத்தில் வருவது தெரிகிறது, கரைக்கு வந்தவுடன் றஜியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். ஒன்பது மணிபோல மிஸ்ஸி துடைக்க ஒரு துவாய் கேட்டார். கொண்டுபோய்க் கொடுக்கும்போது, திரைக்கு இடையால் அக்காவை ஒரு நிமிசம் பார்க்க விட்டார். முகம் வேர்த்திருந்தது. கையில் சேலைன் ஓடியது.

"வந்திட்டாரோ?"

"வள்ளம் வாறது தெரியுதாம் அக்கா. இப்ப வந்திடுவார்."

"மீன் பட்டதாமோ?"

"தெரியாது அக்கா."

"கேக்கேல்லையோ நீ" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிப்பாட்டி, "மிஸ்ஸி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

அவளுடைய வாய்ச்சொண்டு நீலமாகியது. நான் கண்ணால் பார்த்தேன். பேனை மை ஊறினமாதிரி ஓரத்திலிருந்து உள்ளுக்கு வந்தது. கண் மேலே போனது. மிஸ்ஸி என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுக் கூப்பிட்டார். அந்தக் கூப்பிடலுக்கு நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். ஒருவர் சப்பாத்து ஒன்று கழன்று விழ, அதை எடுக்காமல் ஓடினார். கதவு ஆடி ஆடி நிற்கிற ஒவ்வொரு தரமும் ஒரு ஆணின் குரல் எண்ணுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரைக்கும். திரும்ப ஒன்று.

சாவகச்சேரி அம்மா என் முதுகில் கையை வைத்தார். பிறகு அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்து அவர் எழும்பிப் போனார்.

ஒரு பெண் டொக்டர் வெளியே வந்தார். தலைமுடி தொப்பியிலிருந்து கழன்றிருந்தது.

"தர்சிகாவின்ரை ஆக்கள் ஆர்?"

"நான்."

"நீர் ஆர்?"

"பக்கத்து வீடு. துணைக்கு வந்தனான்."

"புருசன்?"

"கடலாலை வந்துகொண்டிருக்கிறார்."

"தாய் தேப்பன்?"

"இணுவில். அவை கதைக்கிறேல்லை."

"உமக்கு எத்தினை வயசு?"

"பதினாறு."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

றஜி அண்ணை வந்தபோது பத்து மணி. குளிக்கவில்லை. ஈரச் சாரம், முழங்கையில் செதில். மாமி பின்னால் செபமாலையோடு வந்தார். அந்த டொக்டர் திரும்ப வந்து நின்றபடியே சொன்னார். "பன்னீர்க்குடத்துத் தண்ணி அவவின்ரை ரத்தத்துக்குள்ளை போயிட்டுது. அதாலை இதயம் ஒருக்கா நிண்டது. திரும்ப ஓடப்பண்ணியிருக்கிறம். பிள்ளையை எடுத்திட்டம், பொம்பிளைப் பிள்ளை, உயிரோட இருக்கு. இப்ப அம்மாவுக்கு ரத்தம் உறையுதில்லை. குடுக்கக் குடுக்கப் போய்க்கொண்டிருக்கு. கர்ப்பப்பையை எடுக்கோணும்."

"எடுத்தா உயிர் தப்புமோ?" என்று அண்ணை கேட்டார்.

"எடுத்தா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது. எடுக்காட்டி என்ன நடக்குமெண்டு தெரியும்."

மாமி, "இதுதானே முதல் பிள்ளை" என்றார். அண்ணை தாயைப் பார்க்கவில்லை. பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. அவளை ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார். இப்போது ஏலாது என்றார்கள்.

இரத்தம் வேண்டும் என்ற கதை கரைக்குப் போய், பன்னிரண்டு பேர் ஓட்டோக்களிலும் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள். கரையில் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர்கள். இரத்த வங்கியில் ஒரு தம்பி வரிசையாகக் கேட்டார், இரவு நித்திரை கொண்டீர்களா, காலையில் சாப்பிட்டீர்களா. ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஒருவரும் சாப்பிடவில்லை. இரண்டு பேரில் சாராய மணம்.

"அண்ணையவை, உங்களிட்டை எடுக்கேலாது. மயங்கி விழுவியள்."

"தம்பி, நான் ரெண்டு விரல் போன அண்டைக்கே மயங்கேல்லை" என்றார் லெனாட் அண்ணை. "கடல்காரன்ரை ரத்தத்திலை உப்புக் கூட எண்டு வேண்டாமெண்டுறியளோ?"

"போய்ப் படுத்து எழும்பி நாளைக்கு வாங்கோ."

"நாளைக்கு வேணுமோ, இண்டைக்கு வேணுமோ?"

அந்தத் தம்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு சுதாகரன் அண்ணையும், தையற்கடை லவீனா அக்காவும், மாதா கோயில் பங்கிலிருந்து வந்த நாலு பெடியன்களும் கொடுத்தார்கள். வங்கியில் இருந்ததும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நானும் கேட்டேன். பதினெட்டு ஆகவேண்டுமாம்.

கடற்கரைக்காரர் பன்னிரண்டு பேரும் மதிலோரம் குந்தியிருந்தார்கள். றஜி அண்ணை அவர்களுக்கு நடுவில். மாமி பெண்களுக்கு நடுவில். எனக்கு எந்தப் பக்கம் போய் இருப்பதென்று தெரியவில்லை. ஒன்று நாற்பது என்கிற எண் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சொன்ன பொய்யை வைத்துப் பிழையான மருந்து கொடுத்திருப்பார்களோ, அதுதான் தண்ணீர் இரத்தத்துக்குள் போனதோ என்று நினைத்தேன். பதினொன்றரைக்கு அந்த டொக்டர் ஒப்பரேசன் தியேட்டர் பக்கமிருந்து வேகமாக வர, நான் முன்னால் போய் நின்றேன்.

"டொக்டர், ஐஞ்சரை இல்லை."

"என்ன?"

"குடம் உடைஞ்சது ஐஞ்சரைக்கில்லை. ஒண்டு நாப்பதுக்கு. நான் பொய் சொன்னனான்."

அவர் நின்றார். "ஏன்?"

"புருசன் வரட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தவ. ஏசுவியளெண்டு…"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து எழுதினார். "ஒண்டு நாப்பது. சரியோ?"

"ஓம்."

"இது பிள்ளைக்கு வேணும். கனநேரம் தண்ணி போயிருந்தா பிள்ளைக்குக் கிருமி பிடிக்கும், ஊசி போடோணும். சொன்னது நல்லது."

"அக்காவுக்கு இதாலைதானோ?"

"இல்லை. இது நேரத்தாலை வாறதில்லை. ரெண்டு மணிக்கு வந்திருந்தாலும் இது வந்திருக்கும். ஏன் வருகுதெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. நான் இத்தினை வருசத்திலை இதோட ரெண்டாவதுதான் காணுறன்." போக வெளிக்கிட்டவர் திரும்பினார். "இஞ்சை வந்தாப்பிறகு இது வந்தபடியால்தான் இந்தளவுக்கும் உயிர் நிக்குது. வீட்டிலை வைச்சு வந்திருந்தா ஓட்டோ வரமுன்னம் முடிஞ்சிருக்கும். ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"நான்."

"ம்" என்றார். அவருடைய செருப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. போய்விட்டார்.

நாலு நாள் அக்கா ஐசியுவில், வாய்க்குள் குழாயோடு கிடந்தாள். மூன்றாம் நாள் இணுவிலிலிருந்து அக்காவின் தாய் பூரணம் வந்தார் என்றார்கள். கண்ணாடியால் பார்த்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாராம்.

ஒழுங்கையில் கணக்கு வேறு மாதிரிப் போனது. முதல் நாள் பின்நேரமே மாமி, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எல்லாரும் நிற்க, என்னைக் கேட்டார்.

"விடியக் காலமை ஓட்டோவுக்கு ஓடினனீ. அதுக்கு முதல் என்ன செய்துகொண்டிருந்தனீ? பாய் முழுக்க நனைஞ்செல்லோ கிடக்கு."

நான் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினேன்.

"துணைக்கெண்டு ஒரு மரக்கட்டையை அனுப்பியிருக்கு. பக்கத்திலை ஒருத்தி நனைஞ்சு கிடக்கிறாள், இவ குறட்டை."

நான் சொல்லாததை அவர்களே சொல்லி முடித்தார்கள். அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "எருமை, இனி ஆர் உன்னைக் கூப்பிடப் போயினம்" என்று ஏசினார். பிறகு அவரே அழுதார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நாள் குழாயடிக்குப் போகும். அங்கேயிருந்து றஜி அண்ணைக்குப் போகும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஐந்தாம் நாள் அக்காவின் வாய்க்குழாயைக் கழற்றினார்கள். ஏழாம் நாள் வாட்டுக்கு மாற்றிய பிறகு அக்கா என்னைக் கேட்டாளாம். அம்மாவுக்குச் சொல்லாமல் பள்ளிக்கூடத்தால் நேரே போனேன். கட்டிலில் பாதி ஆள்தான் கிடந்தாள். குரல் அடைத்துப் போயிருந்தது.

"பிள்ளையைக் கண்டனியோ?"

"கண்ணாடிக்குள்ளாலை. உங்கடை மூக்கு."

"பாவம்" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "கர்ப்பப்பையை எடுத்திட்டினம்."

"தெரியும் அக்கா."

"ஷெரோன், அவருக்குச் சொல்லாதை."

"என்னத்தை?"

"நான் அவரைப் பாத்துக்கொண்டிருந்தனெண்டு."

"டொக்டர் சொன்னவ, அதாலை வந்ததில்லையாம்."

"டொக்டருக்கு அது விளங்கும். அவருக்கு விளங்காது. தன்னாலைதான் எண்டு பிடிச்சுக்கொண்டு நிப்பார். இனிக் கடலிலை போனைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் வலை இழுப்பார். லெனாட்டண்ணையைக் கண்டனிதானே."

"ம்."

"உன்னை ஏசுவினம்."

"இப்பவும் ஏசினம்தான்."

அக்கா கண்ணை மூடினாள். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து எழும்பினேன். "அண்டைக்கு நீ என்ரை சொல்லைக் கேட்டிருந்தியெண்டா" என்றாள். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தாள். மிஸ்ஸி வந்து நேரம் முடிந்தது என்றார்.

பதினைந்தாம் நாள் அக்காவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். இரவில் துணைக்கு லவீனா அக்காவின் தங்கச்சி போகத் தொடங்கினாள். அடுத்த சனிக்கிழமை காலை பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு கரையோரமாக வந்தேன். றஜி அண்ணை வள்ளத்தடியில் இருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். லெனாட் அண்ணை தேத்தண்ணிக்குப் போயிருந்தார். வேறு ஒருவரும் கிட்ட இல்லை.

"ஷெரோன், இஞ்சை ஒருக்கா வா."

போனேன்.

"பிள்ளைக்கு அஞ்சு நாள் ஊசி போட்டவை. ஏனெண்டு கேக்க மிஸ்ஸி சொன்னவ, குடம் உடைஞ்சு கனநேரம் கிடந்ததாமெண்டு. எத்தினை மணிக்கு உடைஞ்சது?"

"தெரியாது அண்ணை."

"தெரியாதெண்டா?"

"நான் நித்திரை. அக்காவும் நித்திரையிலை இருக்கேக்கை உடைஞ்சிருக்கும். ஐஞ்சரைக்கு எழும்பித்தான் கண்டது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நண்டின் காலை ஒவ்வொன்றாக நூலிலிருந்து எடுத்தார். ஒன்றும் முறியாமல் எடுத்தார்.

"ராவிலை என்னைக் கேட்டவளோ?"

"இல்லை அண்ணை. நல்ல நித்திரை."

"ஒருக்கால்கூட?"

"இல்லை."

நண்டைக் கூடைக்குள் போட்டார். அது மற்ற நண்டுகளுக்கு மேலே ஏறி நகர்ந்தது. "ம். நித்திரை கொண்டாளெண்டா நல்லம்" என்றார். வலையின் அடுத்த மடிப்பைப் பிரித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "நீயெண்டாலும் முழிச்சிருந்திருக்கலாம்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.